கிளினிக்கல் சைக்காலஜி இன்டர்ன்ஷிப் இன்டர்வியூ: அமெரிக்காவில் படிக்கும் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் கிளினிக்கல் சைக்காலஜியில் பிஎச்.டி.யோ சை.டி.யோ (சிகிச்சைப் பயிற்சிக்கு முதலிடம் தரும் டாக்டர் பட்டம், PsyD) படிக்கும் தமிழ் மாணவர்களிடமிருந்து நவம்பர் பிறந்ததும் போன் வர ஆரம்பித்துவிடும். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். இன்டர்ன்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உட்காருகிறவர்களுக்கு எது கண்ணில் படும், எது படாது என்பதை மனதில் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜி சேர்க்கைக்குத் தயாராகிறவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

இந்த இன்டர்ன்ஷிப்புக்கு ஏன் இத்தனை பதற்றம்?

இது இல்லாமல் பட்டம் கிடையாது, அதனால்தான். நான்கைந்து வருடம் வகுப்பு, ஆராய்ச்சி, ப்ராக்டிகம் (படிக்கும்போதே செய்யும் சிகிச்சைப் பயிற்சி) எல்லாம் முடித்த பிறகு ஒரு முழு வருடம் மருத்துவமனையிலோ மனநல மையத்திலோ சம்பளத்துடன் வேலை செய்தாக வேண்டும். அந்த இடத்தைப் பொதுவாக நீங்களாகப் போய்ப் பிடிக்க முடியாது. ஆப்பிக் (APPIC) என்ற, பயிற்சி மையங்களின் அமைப்பு நடத்தும் ‘மேட்ச்’ வழியாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும். நீங்கள் இடங்களை வரிசைப்படுத்துகிறீர்கள், இடங்கள் உங்களை வரிசைப்படுத்துகின்றன, கம்ப்யூட்டர் இரண்டையும் பொருத்துகிறது. 1999-இலிருந்து இப்படித்தான். அதற்கு முன்பு குறிப்பிட்ட ஒரு நாளில் எல்லோரும் போனுக்குப் பக்கத்தில் காத்துக் கிடப்பார்கள்.

சீனியர்கள் சொல்லும் பயங்கரக் கதைகளில் பல 2010-களின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. அப்போது விண்ணப்பிப்பவர்கள் அதிகம், இடங்கள் குறைவு. நல்ல மாணவர்களுக்கே கிடைக்காமல் போனது. இன்று மொத்த இடங்கள் விண்ணப்பதாரர்களைவிட அதிகம். பயம் மட்டும் பழைய அளவிலேயே கைமாறி வந்துகொண்டிருக்கிறது.

காலக்கணக்கு எப்படிப் போகும்?

ஜூலையில் ஆன்லைன் விண்ணப்பம் திறக்கும். நவம்பர் முழுக்க ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு கடைசித் தேதி. நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலும் அழைப்பு வரும். டிசம்பர், ஜனவரியில் இன்டர்வியூ. பிப்ரவரி முதல் வாரத்தை ஒட்டி ரேங்க் லிஸ்ட் போட வேண்டும், அதே மாதத்தில் முடிவு. கிடைக்காதவர்களுக்கு மார்ச்சில் இரண்டாம் சுற்று. வேலை ஜூலை முதல் செப்டம்பருக்குள் தொடங்கும்.

எத்தனை இடத்துக்குப் போடலாம் என்றால், 15-ஐ ஒட்டி நிறுத்திக்கொள்ளுங்கள். முப்பது இடத்துக்குப் போட்டவருக்கு முப்பது கவர் லெட்டரும் ஒரே மாதிரி ஆகிவிடும், படிக்கிறவருக்கு அது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

எஃப்-1 (மாணவர்) விசாவில் இருக்கிறேன். எனக்கு என்ன சிக்கல்?

முதலில், எந்த இடங்கள் உங்களுக்கு மூடியிருக்கின்றன என்று பாருங்கள். முன்னாள் படைவீரர்களுக்கான வி.ஏ. மருத்துவமனைகள்தான் இந்த நாட்டில் சைக்காலஜி பயிற்சி தருவதில் மிகப் பெரிய அமைப்பு. அங்கே அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது. ராணுவ மருத்துவமனைகளும் ஃபெடரல் சிறைத் துறையும் நமக்கில்லை. பல்கலைக்கழக கவுன்சலிங் மையங்கள், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், குழந்தைகள் மருத்துவமனைகள், மாநில அரசு மனநல மருத்துவமனைகள், சமூக மனநல மையங்கள் ஆகியவற்றில் வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் இடங்கள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றின் விதியும் வேறு. விண்ணப்பிப்பதற்கு முன்பே ட்ரெயினிங் டைரக்டருக்கு இரண்டு வரி மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். விசாவைப் பற்றிக் கேட்டால் விரட்டிவிடுவார்கள் என்று சிலர் வாயைத் திறப்பதே இல்லை. மேட்ச் ஆன பிறகு எச்.ஆர். சொல்லித் தெரிந்துகொள்வது அதைவிட எவ்வளவோ மோசம்.

இரண்டாவது, சி.பி.டி. கணக்கு. படிப்பின் ஒரு பகுதியாகச் செய்யும் வேலைக்குத் தரும் அனுமதி இது. முழுநேர சி.பி.டி. 12 மாதத்தைத் தொட்டுவிட்டால் அதே பட்ட நிலைக்கான ஓ.பி.டி. (படிப்பு முடிந்தபின் வேலை செய்யத் தரும் அனுமதி) கைவிட்டுப் போகும். இன்டர்ன்ஷிப்போ சரியாக ஒரு வருடம்! அதற்கடுத்த போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி) வருடத்துக்கு உங்களுக்கு ஓ.பி.டி. தேவைப்படும். ஆகவே தொடக்க, முடிவுத் தேதிகளை எப்படிப் போடுவது என்று உங்கள் கல்லூரியின் இன்டர்நேஷனல் ஆபீஸில் இலையுதிர் காலத்திலேயே உட்கார்ந்து பேசுங்கள். ஏற்கெனவே முழுநேரமாகச் செய்த ப்ராக்டிகம் மாதங்களும் இந்தக் கணக்கில் சேரும்.

இன்டர்வியூவில் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்?

உங்கள் மதிப்பெண், கட்டுரை, சிகிச்சைப் பயிற்சி மணிக்கணக்கு, மூன்று பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றையும் படித்துப் பிடித்திருந்ததால்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அறிவு இருக்கிறதா என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிட்டது. இனி அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த ஆளுக்கு ஒரு வருடம் நான் சூப்பர்விஷன் கொடுக்க முடியுமா? என் லைசென்ஸின் கீழ் இவர் நோயாளியைப் பார்க்கப் போகிறார். வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு ஏதாவது தவறாகப் போனால் என் கதவைத் தட்டுவாரா, திங்கட்கிழமை வரை மறைப்பாரா?

நம் மாணவர்கள் இதை வைவா என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். கேள்வி வந்ததும் சரியான விடை என்ன என்று தேடுகிறார்கள். சி.பி.டி.க்கும் பி.இ.க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பதில்லை (இந்த சி.பி.டி. விசா சமாச்சாரம் இல்லை, மன அதிர்ச்சிக்கான பட்ரீஷியா ரெசிக்கின் சிகிச்சை முறை; பி.இ. அதற்கான இன்னொரு முறை, ப்ரொலாங்டு எக்ஸ்போஷர். இரண்டு சி.பி.டி.யும் ஒரே இன்டர்வியூவில் வந்து குழப்பும்). “உங்களுக்குக் கடினமாக இருந்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றுதான் கேட்பார்கள். அதற்கு எந்தக் கைடிலும் விடை இல்லை.

எங்கிருந்து தயாரிப்பைத் தொடங்குவது?

நீங்கள் எழுதி அனுப்பியதை முதலில் படியுங்கள். விண்ணப்பத்தில் நான்கு கட்டுரைகள் உண்டு: உங்களைப் பற்றி, உங்கள் சிகிச்சை அணுகுமுறை, பன்முகத்தன்மை, ஆராய்ச்சி. செப்டம்பரில் எழுதியது ஜனவரியில் உங்களுக்கே மறந்திருக்கும். கேட்கிறவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “மூன்றாவது பத்தியில் இப்படிச் சொல்கிறீர்களே...” என்று தொடங்குவார்.

பிறகு எட்டுப் பத்துச் சம்பவங்களைத் தேர்ந்தெடுங்கள். நன்றாகப் போன ஒரு கேஸ், போகாத ஒரு கேஸ், ஆபத்து மதிப்பீடு, நெறிமுறைச் சிக்கல், சூப்பர்வைசருடன் கருத்து வேறுபாடு, பண்பாட்டு வேறுபாடு குறுக்கே வந்த ஒரு நேரம், ஒரு சோதனை அறிக்கை, குழுவில் ஒரு உரசல். நூறு கேள்விகளுக்கு நூறு பதில் மனப்பாடம் செய்வதைவிட இந்தப் பத்தையும் எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் சொல்லத் தெரிந்திருந்தால் போதும். தாளில் எழுதும்போது நான்கைந்து வார்த்தைக்கு மேல் வேண்டாம். முழு வாக்கியமாக எழுதினால் அதை அப்படியே ஒப்பிப்பீர்கள், கேமராவில் கண் மேலே போவது தெரியும்.

கடைசியாக, வாய்விட்டுப் பேசுங்கள். கண்ணாடி முன்னால் பேசிப் பயனில்லை. வகுப்புத் தோழர் ஒருவரைக் குறுக்கே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

கேஸ் பிரசன்டேஷன் கேட்டால் எப்படிச் சொல்வது?

ஐந்து நிமிடத்திலிருந்து பத்து நிமிடம் தருவார்கள். சில இடங்களில் முன்கூட்டியே சொல்வார்கள், சில இடங்களில் “ஒரு கேஸ் சொல்லுங்களேன்” என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பார்கள்.

கற்பனையாக ஒரு கேஸ் வைத்துக் காட்டுகிறேன். பேச்சு ஆங்கிலத்தில் நடக்கும், யோசனை ஒன்றுதான். ஐம்பது வயது பஸ் ஓட்டுநர், பானிக் அட்டாக். வழக்கமாக வரும் பதில் இது: “பானிக் டிசார்டர் என்று கண்டறிந்தேன். பன்னிரண்டு செஷன் காக்னிடிவ் பிஹேவியரல் தெரபி கொடுத்தேன். எக்ஸ்போஷர் (பயப்படுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சி) செய்தோம். அறிகுறிகள் பாதியாகக் குறைந்தன.” தவறு ஒன்றும் இல்லை. கேட்டவர் குறித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை.

இன்னொரு விதம்: “மூன்றாவது செஷன் வரை எல்லாவற்றுக்கும் ‘சரிங்க டாக்டர்’ என்றார். கொடுத்த பயிற்சி ஒன்றையும் வீட்டில் செய்யவில்லை. அவருக்கு ஆர்வமில்லை என்று நினைத்தேன். சூப்பர்வைசர் வீடியோவைப் பார்த்துவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் நான் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவதைக் காட்டினார். அடுத்த வாரம் திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, பஸ்ஸில் எந்த நிறுத்தத்தில் முதலில் மூச்சடைத்தது என்று கேட்டேன். அது அவருடைய அண்ணன் மாரடைப்பில் விழுந்த தெரு. எக்ஸ்போஷர் பட்டியலை அங்கிருந்து மறுபடி போட்டோம்.” சிகிச்சை முறை இரண்டிலும் ஒன்றேதான். இரண்டாவதில் நீங்கள் எப்படி யோசித்தீர்கள், எங்கே மாட்டினீர்கள், திருத்தியபோது என்ன செய்தீர்கள் என்பது தெரிகிறது.

ஃபார்முலேஷனை, அதாவது பிரச்சினைக்கு நீங்கள் தரும் விளக்கத்தை, விடாதீர்கள். இந்தப் பிரச்சினை இவருக்கு ஏன் வந்தது, ஏன் இப்போது வந்தது, எதனால் போகாமல் நிற்கிறது? இந்த மூன்றுக்கும் இரண்டிரண்டு வாக்கியம் சொல்லத் தெரிந்தால் நோயின் பெயரைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட மாட்டார்கள். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்லுங்கள், மாற்றியிருக்கிறேன் என்றும் சொல்லுங்கள். சின்ன ஊர் கிளினிக் என்றால் தொழில், வயது, குடும்பம் மூன்றும் சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

சூழ்நிலை கொடுத்து ‘என்ன செய்வீர்கள்’ என்று கேட்டால்?

கவுன்சலிங் மையங்களில் இது கட்டாயம் வரும். உதாரணத்துக்கு: வீடியோ செஷனில் இருபது வயது மாணவி, “இறுதித் தேர்வுக்கு நான் இருக்க மாட்டேன், பரவாயில்லை” என்கிறாள். நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கிறது.

பலர் நேராக “மருத்துவமனைக்கு அனுப்புவேன்” என்பார்கள். அது பயத்தில் வரும் பதில். முதலில், அவள் இப்போது எங்கே இருக்கிறாள்? முகவரி தெரியாமல் எந்த உதவியையும் அனுப்ப முடியாது. வேறு மாநிலத்தில் இருந்தால் சட்டமும் மாறும். அடுத்து, சுற்றி வளைக்காமல் தற்கொலையைப் பற்றி நேரடியாகக் கேட்பது. எண்ணம் இருக்கிறதா, திட்டம் இருக்கிறதா, கையில் வழி இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா, தடுத்து நிறுத்துவது எது? தற்கொலை ஆபத்தை மதிப்பிடும் கொலம்பியா அளவுகோலைப் பயன்படுத்தியிருந்தால் சொல்லுங்கள், ஆனால் அளவுகோலின் பெயரே பதிலாகிவிடாது. ஆபத்தின் அளவைப் பொறுத்து ஸ்டான்லி–பிரவுன் பாதுகாப்புத் திட்டம் (நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்று நோயாளியோடு சேர்ந்து எழுதுவது), மாத்திரையையோ துப்பாக்கியையோ கைக்கு எட்டாமல் செய்வது, 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண், அடுத்த சந்திப்பு நாளையா மறுநாளா என்பது. “தற்கொலை செய்துகொள்ள மாட்டேன் என்று எழுதி வாங்குவேன்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒப்பந்தம் உயிரைக் காக்கும் என்பதற்குச் சான்று இல்லை. அதைச் சொன்னால் பத்து வருடம் பின்னால் நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை மறந்துவிடுவார்கள்: சூப்பர்வைசர். நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர். மாணவி திரையில் இருக்கும்போதே பணியிலிருக்கும் சூப்பர்வைசரை உள்ளே கூப்பிடுவேன் என்பது பதிலின் நடுவில் வர வேண்டும். பிறகு என்ன கேட்டீர்கள், என்ன முடிவெடுத்தீர்கள், ஏன் என்று பதிவு எழுதுவது.

மற்றவரைத் தாக்கப்போவதாக நோயாளி மிரட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ‘டாராசாஃப்’ என்பார்கள். நோயாளியால் ஆபத்து வரக்கூடியவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அது. பெர்க்லியில் படித்த ஓர் இந்திய மாணவர் 1969-இல் செய்த கொலையிலிருந்து வந்த வழக்கு. ஆனால் அது நாடு முழுக்க ஒரே சட்டம் இல்லை. டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1999-இல் அந்தக் கடமையை ஏற்க மறுத்தது. ஆகவே, எந்த மாநிலத்தில் இன்டர்வியூவோ அந்த மாநிலச் சட்டத்தை முந்தின நாள் ஒருமுறை பாருங்கள். தெரியாவிட்டால், “இந்த மாநில விதியை உறுதிசெய்துகொண்டு, சூப்பர்வைசரிடம் கேட்டுச் செய்வேன்” என்பதும் முழுப் பதில்தான்.

என் பலவீனம் என்ன என்று கேட்டால்? சூப்பர்வைசருடன் கருத்து வேறுபாடு வந்ததே இல்லை என்று சொல்லலாமா?

சொல்லலாம், யாரும் நம்ப மாட்டார்கள். நாலு வருடம் ஒரு வேறுபாடும் இல்லை என்றால் நீங்கள் வாய் திறக்கவில்லை என்று அர்த்தம்.

இதில் நம் வளர்ப்பு கொஞ்சம் குறுக்கே வரும். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே, ‘நான் நான்’ என்று பெருமையடிக்காதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் நீங்கள் தனியாளாக ஆரம்பித்து நடத்திய குழு சிகிச்சையைக்கூட “எங்கள் டீம் செய்தது” என்பீர்கள். கேட்பவருக்கு உங்கள் பங்கு எது என்றே புரியாது. டீம் எதைச் செய்தது, நான் எதைச் செய்தேன் என்று பிரித்துச் சொல்வது தம்பட்டம் ஆகாது.

கருத்து வேறுபாட்டுக்குச் சின்னதாக ஒன்று போதும். அறிக்கையில் ஒரு நோய்க்குறி போடுவதா வேண்டாமா என்று உங்களுக்கும் சூப்பர்வைசருக்கும் வேறு வேறு எண்ணம். நீங்கள் தரவுகளோடு போய்ப் பேசினீர்கள். அவர் பாதி ஏற்றார், அல்லது ஏற்கவேயில்லை, நீங்கள் அவர் சொன்னபடி செய்தீர்கள். யார் வென்றார் என்பது முக்கியமில்லை. அந்தச் சூப்பர்வைசரைக் குறை சொல்லும் தொனி மட்டும் எட்டிப் பார்க்கக் கூடாது; இது சின்ன உலகம், கேட்பவர் அவருடன் படித்தவராக இருக்கலாம்.

பலவீனத்துக்கு ‘நான் ரொம்ப பெர்ஃபெக்ஷனிஸ்ட்’ வேண்டாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. “நியூரோசைக்காலஜி சோதனைகளில் எனக்கு அனுபவம் குறைவு, உங்கள் இரண்டாம் ரொட்டேஷனில் (பிரிவு மாறிச் செய்யும் பணியில்) அதை ஈடுகட்டப் பார்க்கிறேன்” என்றால் ‘ஏன் எங்கள் இடம்’ என்ற கேள்விக்கும் பாதிப் பதில் ஆகிவிட்டது.

பன்முகத்தன்மை பற்றிய கேள்விக்கு என் தமிழ் அடையாளத்தைப் பேச வேண்டுமா?

விருப்பம் இருந்தால் பேசுங்கள். ஆனால் பண்பாட்டுத் தூதராக மாறி, “எங்கள் நாட்டில் குடும்பம் முக்கியம்” என்று பொதுப்படையாகப் போனால் யாருக்கும் பயனில்லை. கேள்வி உங்கள் பின்னணியைப் பற்றியது என்பதைவிட, அது சிகிச்சை அறைக்குள் என்ன செய்கிறது என்பதைப் பற்றியது. வீட்டை விட்டு வெளியேற விரும்பும் இருபத்திரண்டு வயது நோயாளி முன்னால் உட்காரும்போது, அம்மா அப்பா பக்கம் உங்கள் மனம் சாய்கிறதா? அதை எப்போது கவனித்தீர்கள்? என்ன செய்தீர்கள்?

இன்னொன்றும் உண்டு. இங்கே நீங்கள் சிறுபான்மை, ஊரில் அப்படி இல்லாமலிருக்கலாம். சாதி, வர்க்கம், மதம், ஆங்கிலவழிப் படிப்பு என்று உங்களுக்குக் கிடைத்த வசதிகளையும் சேர்த்துப் பேசுகிறவர்கள் குறைவு. அப்படிப் பேசினால், இவர் உண்மையாகவே யோசித்திருக்கிறார் என்று அந்தக் குழுவுக்குப் புரியும். பமீலா ஹேஸின் ‘அட்ரெஸ்ஸிங்’ சட்டகம் வகுப்பில் படித்திருப்பீர்கள். வயது, ஊனம், மதம், இனம், வர்க்கம், பாலியல் அடையாளம், தேசம் என்று வரிசையாக உங்களையே அதில் வைத்துப் பாருங்கள். மனம் நோகும் சொந்தக் கதையை அங்கே கொட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

நாம் அவர்களிடம் என்ன கேட்பது?

வெப்சைட்டில் இருப்பதைக் கேட்காதீர்கள். சூப்பர்வைசரிடம், “ஒரு இன்டர்ன் திணறும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். தற்போதைய இன்டர்ன்களிடம், “எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறீர்கள்?”, “இந்தச் சம்பளத்தில் இந்த ஊரில் தனியாக வாடகை கட்ட முடிகிறதா?” என்று கேளுங்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டுப் பதில் சொன்னால் அந்தச் சிரிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். போஸ்ட்டாக்குக்கு எங்கே போனார்கள் என்பதும் நல்ல கேள்வி.

இன்டர்ன்களுடன் பேசும் நேரத்தை ‘மதிப்பீடு இல்லாதது’ என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனாலும் அங்கே இன்னொரு இடத்தைப் பற்றிக் கிசுகிசு பேச வேண்டாம்.

ஆன்லைன் இன்டர்வியூ பற்றி ஏதாவது?

2020-இல் கோவிட் வந்தபோது எல்லாம் திரைக்கு மாறியது, பெரும்பாலும் அப்படியே நின்றுவிட்டது. விமானச் செலவு மிச்சமானதால் நம்மைப் போன்றவர்களுக்கு நல்லதே.

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தால் நேரத்தைக் கவனியுங்கள். குளிர்காலத்தில் நியூயார்க்கின் காலை 9 மணி நமக்கு இரவு 7.30, கலிஃபோர்னியாவின் காலை 9 மணி இரவு 10.30. இன்டர்வியூ மாலை வரை நீண்டால் உங்களுக்கு விடிந்துவிடும். அதுவும் மார்கழி. அதிகாலை நாலரைக்குத் தெருமுனைக் கோயில் ஒலிபெருக்கி தொடங்கும். வீட்டில் பெரியப்பா பெரியம்மா வந்திருப்பார்கள். முடிந்தால் பொங்கல் வரை அமெரிக்காவிலேயே இருந்துவிடுங்கள். முடியாவிட்டால் தனி அறை, யு.பி.எஸ்., போனில் மாற்று இணைப்பு, கரண்ட் போனால் கூப்பிட அவர்களின் தொலைபேசி எண்.

திரையில் வரும் பெயரையும் பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் போயிருக்கும். எட்டு மணி நேரமும் ‘மிஸ் முருகேசன்’ என்று உங்கள் அப்பாவையே கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தொடக்கத்திலேயே எப்படி அழைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் அவர்களை ‘டாக்டர் இன்னார்’ என்று தொடங்கினால் போதும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றால் கூப்பிடுங்கள். ‘சார்’, ‘மேடம்’ இங்கே விறைப்பாகக் கேட்கும்.

என் உச்சரிப்பு தடையாகுமா?

உச்சரிப்பு ஆகாது, வேகம் ஆகும். பதற்றத்தில் நாம் பேசும் வேகத்துக்கு நம் ஊர்க்காரர்களே திணறுவார்கள். ஒரு வாக்கியம் முடிந்ததும் நிறுத்துங்கள்.

கல்யாணம் ஆகிவிட்டதா, எங்களை எத்தனையாவது இடத்தில் வைப்பீர்கள் என்றெல்லாம் கேட்பார்களா?

கல்யாணம், குழந்தை, மதம், வயது இவற்றைக் கேட்கக் கூடாது. அப்பாவித்தனமாக யாராவது கேட்டால், “இந்த ஊருக்கு மாறி வருவதில் எனக்குச் சிரமமில்லை” என்று அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் கவலைக்குப் பதில் சொல்லி நகர்ந்துவிடலாம். வேலை அனுமதி உண்டா என்று எல்லோரிடமும் கேட்பது சட்டப்படி சரிதான்.

ரேங்க் பற்றிப் பேசுவது இரு தரப்புக்கும் ஆப்பிக் விதிப்படி தடை. “நீங்கள்தான் என் முதல் தேர்வு” என்று நன்றி மெயிலில் எழுதுவதும் அதில் அடக்கம். நன்றி மெயிலே வேண்டாம் என்று சில இடங்கள் சொல்லும்; சொன்னால் அனுப்பாதீர்கள். மற்ற இடங்களுக்கு மூன்று வரி போதும்.

லிஸ்ட்டில் எந்த இடத்தை முதலில் போடுவது? எனக்குக் கிடைக்கக்கூடியதையா?

இல்லை. உங்களுக்குப் பிடித்ததைத்தான். நம்மவர்கள் இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பொறியியல் கவுன்சலிங் பார்த்துப் பழகியதால் ‘எட்டாததை மேலே போட்டால் எட்டுவதும் போய்விடும்’ என்று கணக்குப் போடுகிறார்கள். கேல், ஷேப்லி இருவரும் 1962-இல் எழுதிய முறையை ஆல்வின் ராத் விரிவாக்கியதுதான் இந்த மேட்ச் கணக்கு. ஷேப்லிக்கும் ராத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. விண்ணப்பதாரரின் லிஸ்ட்டிலிருந்துதான் அது தொடங்கும். உங்கள் முதல் இடம் உங்களை ஏற்காவிட்டால் இரண்டாவதுக்குப் போகும், அங்கே உங்கள் வாய்ப்பு ஒரு துளியும் குறையாமல். முதலாவதாகப் போட்டவர், இரண்டாவதாகப் போட்டவர் என்று அந்த இடத்துக்குத் தெரியவே தெரியாது.

கிடைத்ததை மறுக்க முடியாது என்பதால், கிடைத்தால் போக மாட்டேன் என்ற இடத்தை லிஸ்ட்டில் போடவே போடாதீர்கள். கணவன் மனைவி இருவரும் அதே வருடம் விண்ணப்பித்தால் ஜோடியாக லிஸ்ட் போடவும் வழி இருக்கிறது.

மேட்ச் ஆகவில்லை என்றால்?

அன்று ஒரு நாள் அழுதுவிட்டு, மறுநாள் உங்கள் துறையின் ட்ரெயினிங் டைரக்டரைப் பாருங்கள். நிரம்பாத இடங்களின் பட்டியல் வந்திருக்கும், இரண்டாம் சுற்றுக்கு நேரம் சில நாட்கள்தான். இன்டர்வியூ சுருக்கமாக, சில நேரம் போனிலேயே நடக்கும். புதிதாகக் கட்டுரை எழுத உட்காராதீர்கள். கவர் லெட்டரை மட்டும் மாற்றுங்கள். அங்கும் கிடைக்காவிட்டால் அதன் பிறகு காலியிட அறிவிப்புகள் வந்துகொண்டிருக்கும். இரண்டாம் சுற்றில் கிடைத்த இடம் மட்டம் என்ற பேச்சை நம்பாதீர்கள். பணம் தாமதமாக ஒதுக்கப்பட்டதால் கடைசியில் சேர்ந்த நல்ல இடங்களும் அதில் உண்டு.

மேட்ச் ஆகிவிட்டது. இனி என்ன?

கைரேகை, பின்னணிச் சோதனை, தடுப்பூசிச் சான்று எல்லாம் கேட்பார்கள். அம்மாவிடம் சொல்லிப் பழைய தடுப்பூசி அட்டையைத் தேடச் சொல்லுங்கள். முக்கியமாக காசநோய்ப் பரிசோதனை: நம் எல்லோருக்கும் பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்டிருப்பார்கள், அதனால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை நோய் இல்லாமலேயே பாசிட்டிவ் காட்டலாம். பிறகு எக்ஸ்ரே, கடிதம், தாமதம் என்று அலைச்சல். இரத்தப் பரிசோதனையில் பி.சி.ஜி. குழப்பாது, ஆக்குபேஷனல் ஹெல்த் பிரிவில் அதையே கேட்டு வாங்குங்கள்.